லாவெண்டர் எண்ணெயும் ஒரு வெந்த கையும்

1/ போன மாசம், நைட் டூட்டி. மூணு வயசுப் பையன். முன்கையில் கொதிக்கிற ரசம் கொட்டிடுச்சு. தூக்கிட்டு வந்த அம்மா கையில் ஒரு சின்ன பாட்டில். ஊட்டிக்கு டூர் போனப்போ வாங்கின லாவெண்டர் எண்ணெய். காயம் முழுக்க அதைத்தான் தடவியிருந்தாங்க. கிட்ட போனாலே வாசனை.

2/ "தண்ணி ஊத்தினீங்களாம்மா?"

"இல்ல சார், தண்ணி பட்டா கொப்புளம் வரும்னு சொன்னாங்க. பிரான்ஸ்ல ஒரு விஞ்ஞானி கை வெந்ததும் இந்த எண்ணெய்க்குள்ளதான் கையை விட்டாராம். தழும்பே இல்லாம ஆறிடுச்சாம். வீடியோல பார்த்தேன்."

கையைக் குழாயடியில் காட்டி, கழுவி, கட்டுப் போட்டோம். நல்லவேளை, ஆழமில்லாத காயம். கிளம்பும்போது கேட்டாங்க: "அப்போ அந்தக் கதை பொய்யா சார்?"

அந்தக் கூட்டத்துல பதில் சொல்ல நேரமில்லை. இந்த த்ரெட்தான் பதில்.

3/ சுருக்கமா சொன்னா, அந்த மனுஷர் உண்மை. வெந்த கை உண்மை. லாவெண்டரும் உண்மை. எது எப்போ நடந்ததுங்கிறதுதான் மாறிப்போச்சு. ஆனா அதுக்கு முன்னாடி லாவெண்டரோட பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

4/ கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர், லாவெண்டர் குடும்பத்துச் செடி ஒன்றைத் தன் மூலிகை நூலில் பதிவு செய்தார். பிரான்ஸின் தென்கரைத் தீவுகளில் வளர்ந்ததால் அந்தத் தீவுகளின் பெயராலேயே 'ஸ்டோய்காஸ்' என்றார். எதற்குக் கொடுத்தார்? நெஞ்சு சம்பந்தமான தொந்தரவுகளுக்கு.

5/ அதே செடி அரபு மருத்துவம் வழியாக நம்ம யுனானிக்கு வந்தது. பெயர் 'உஸ்துகுதூஸ்'. யுனானி ஹகீம்கள் இதை 'மூளையின் துடைப்பம்' என்பார்கள். மூளையில் தேங்கியதைப் பெருக்கித் தள்ளுமாம். கவனிங்க, நெஞ்சிலிருந்து மெல்லத் தலைக்கு ஏறிடுச்சு!

6/ 12-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஹில்டகார்ட் என்ற கன்னியாஸ்திரீ, இதன் வாசனை பேன்களைக் கொல்லும் என்று எழுதினார். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிக்கோலஸ் கல்பெப்பர் தலைவலி, தலை நோய்களுக்குச் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கை: வடித்தெடுத்த எண்ணெய் ரொம்பக் காட்டமானது, சில சொட்டு போதும், ஜாக்கிரதை. 350 வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். வீடியோ போடுறவங்க இதை மட்டும் சொல்றதில்லை.

7/ இனி அந்த விஞ்ஞானி. ரெனே மொரீஸ் கட்டஃபோஸே. பிரான்ஸின் லியோன் நகரில் குடும்பத்தோட வாசனைப்பொருள் தொழில், இவர் வேதியியலாளர். 'அரோமாதெரபி' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர். 1937-ல் அதே பெயரில் புத்தகமும் எழுதினார்.

8/ 1910 ஜூலையில் அவரோட ஆய்வுக்கூடத்தில் வெடிவிபத்து. உடம்பில் தீ. வெளியே ஓடிப் புல்தரையில் உருண்டு அணைக்கிறார். அப்புறம் இரண்டு கைகளிலும் கேஸ் கேங்கிரீன் வேகமாகப் பரவுது. தசை அழுகி உள்ளே வாயு சேரும் கொடூரமான தொற்று அது. அந்தக் கட்டத்தில்தான் லாவெண்டர் எண்ணெயால் புண்ணைக் கழுவினதாகவும், அதோட அது நின்று மறுநாளிலிருந்து ஆற ஆரம்பித்ததாகவும் அவரே எழுதியிருக்கார்.

9/ கேஸ் கேங்கிரீன் சுட்ட நிமிஷமே வராது. கிருமி உள்ளே போய் வளர நேரம் வேணும். அந்தக் கிருமி வாழும் இடம் மண். புல்லில் உருண்டபோது ஒட்டியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆக, அவர் எண்ணெய் ஊத்தினது சுட்ட புண்ணை ஆற்ற இல்லை, அழுகின புண்ணைக் காப்பாத்த. பென்சிலின் கண்டுபிடிக்கவே இன்னும் 18 வருஷம் இருந்தது. கையில் இருந்ததை எடுத்தார். அது ஒரே ஒரு மனுஷரோட அனுபவம்.

10/ அப்புறம் புத்தகத்துக்குப் புத்தகம் கதை மாறுச்சு. "கை வெந்தது, பக்கத்தில் இருந்த லாவெண்டர் எண்ணெய்த் தொட்டியில் சட்டுனு விட்டார், வலி போச்சு, தழும்பில்லை" என்று ஆயிடுச்சு. கேங்கிரீன் காணாமல் போச்சு. அந்தக் கதைதான் அந்த அம்மாவோட ஃபோனுக்கு வந்தது.

11/ அப்போ லாவெண்டரில் ஒண்ணுமே இல்லையா? இருக்கு. தரப்படுத்தின 80 மில்லிகிராம் எண்ணெய் கேப்ஸ்யூலை ஜெர்மனியில் பதட்ட நோய்க்குச் சோதிச்சாங்க. 2014-ல் வந்த ஓர் ஆய்வில் 539 பேர், 10 வாரம். வெறும் மாத்திரையைவிட நல்ல பலன். ஆனால் இந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் பணம் போட்டது தயாரிப்பு நிறுவனமே, அதையும் சேர்த்துத்தான் எடை போடணும். ஐரோப்பிய மருந்து அமைப்பு, லேசான மன உளைச்சலுக்கும் தூக்கத்துக்கும் பாரம்பரிய மருந்து என்ற அளவில் ஏற்கிறது.

12/ அந்த கேப்ஸ்யூல் வேற, கடை பாட்டில் வேற. பாட்டில் எண்ணெயைக் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைங்க. குழந்தை குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

13/ தீ பட்டாலும் சுடுதண்ணி கொட்டினாலும்: ஓடுற குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம். மூணு மணி நேரத்துக்குள்ள செஞ்சாலும் பலன் உண்டு. ஐஸ் வேணாம். பேஸ்ட், மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேணாம். மோதிரம், வளையலைக் கழட்டிடுங்க. சின்னக் குழந்தைன்னா மத்த உடம்பைப் போர்த்தி வைங்க. காயத்தைச் சுத்தமான துணியால் மூடிக் கூட்டிட்டு வாங்க. பெருசா இருந்தா 108.

14/ லத்தீனில் 'லவாரே' என்றால் கழுவுதல். லாவெண்டர் என்ற பேரே அதிலிருந்து வந்தது என்று பலர் சொல்வாங்க. கட்டஃபோஸே செய்ததும் கழுவினதுதான்.

அம்மா, கதை பொய் இல்லை. பாதிதான் உங்க கிட்ட வந்து சேர்ந்தது. அந்த பாட்டிலைத் தூக்கிப் போட வேணாம், தலையணை ஓரம் ஒரு சொட்டு விட்டு நீங்க நிம்மதியாத் தூங்குங்க. தம்பி கைக்கு மட்டும், எப்பவும், முதல்ல குழாய்.