அடங்காத பிள்ளையா, ஆதரவு தேவைப்படும் பிள்ளையா? கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடும் பள்ளிகளின் கடமையும்

வகுப்பில் ஓரிடத்தில் அமர முடியாத குழந்தை வசதியான வீட்டிலிருந்து வந்தால், பெற்றோரை அழைத்து மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் பள்ளி, அதே குழந்தை சேரியிலிருந்தோ மறுகுடியமர்வுப் பகுதியிலிருந்தோ வந்தால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று முடித்துவிடுகிறது. பெருங்களத்தூர், தாம்பரம் தொடங்கி பெரும்பாக்கம், செம்மஞ்சேரி வரையிலான தென்சென்னைப் புறநகரில் கல்வி உரிமைக்காகச் செயல்படுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) மூளை வளர்ச்சி சார்ந்தது, ஒழுக்கக்கேடு அன்று. கவனம் சிதறுதல், ஓயாத இயக்கம், யோசிக்காமல் செயல்படுதல் ஆகியவை 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் வெளிப்பட்டால்தான் மருத்துவர் அதனை உறுதிசெய்வார். பெண் குழந்தைகளிடம் துள்ளலின்றிக் கவனக்குறைவு மட்டுமே காணப்படலாம் என்பதால், அவர்கள் பெரும்பாலும் கண்டறியப்படுவதில்லை. பார்வை, செவித்திறன் குறைபாடுகளும் தூக்கமின்மையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் அவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, 11.32 விழுக்காட்டினரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. நடுத்தரப் பொருளாதாரப் பிரிவில் அது 6.84 விழுக்காடாகவும், கீழ்நிலைப் பிரிவில் 16.33 விழுக்காடாகவும் இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் அளிக்கும் மதிப்பெண்ணே இத்தகைய ஆய்வுகளின் அளவுகோல். ஆசிரியரின் பார்வையில் சாதி கலந்திருந்தால் அளவும் பிழைபடும்: தேவையற்ற குழந்தைமீது முத்திரை விழலாம்; தேவையுள்ள குழந்தை தண்டனை மட்டும் பெறலாம். அமெரிக்காவில் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளுக்கு இக்குறைபாடு குறைவாகவே கண்டறியப்படுவதாக 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இதன் பெயர் இல்லை. ஆயினும் சட்டத்தின் வரையறை அப்பட்டியலைவிட விரிந்தது. 16ஆம் பிரிவு குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு பட்டியலில் உள்ளது. இக்குழந்தைகள் பலருக்கு அதுவும் சேர்ந்தே இருப்பதால், அதனையும் மதிப்பிட்டுச் சான்று பெறுவது தேர்வுச் சலுகைகளுக்கு உதவும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவில் தடைசெய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது 16ஆம் பிரிவு. ‘மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற வற்புறுத்தலுக்கு இதுவே பதில்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இக்குறைபாடு இடம்பெற்றுள்ளது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். ஐயமுள்ள குழந்தையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இப்பகுதியினர் அணுகக்கூடியவை. ஆனால் ஒவ்வொரு பயணமும் தினக்கூலிப் பெற்றோருக்கு ஒருநாள் வருமான இழப்பு. எனவே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்கே வருவதை உறுதிசெய்ய வேண்டும்.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை செலவற்றவை. குழந்தையைக் கடைசி வரிசையிலிருந்து ஆசிரியர் அருகே அமர்த்துதல். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் தருதல். பாடவேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல். நன்றாகச் செய்ததை உடனே பாராட்டுதல். எழுந்து நடமாட இடைவேளை அளித்தல். அன்றாட முன்னேற்றத்தை ஒரு குறிப்பேட்டில் பெற்றோருக்குத் தெரிவித்தல். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிப்பது நிலையை மோசமாக்கும். மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவுசெய்வார். மருந்து இல்லாவிடில் பள்ளிக்கு வரக் கூடாது என்று சொல்லப் பள்ளிக்கு உரிமையில்லை.

மாணவர் அமைப்புகளும் செயல்பாட்டாளர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது? சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்? கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள்?