கணுக்காலி

மூட்டு மூட்டாக மடங்கும் கால்களும் உடலை மூடிய ஓடும் கொண்ட, முதுகெலும்பில்லாத விலங்குத் தொகுதி கணுக்காலி. நண்டு, தேள், பூரான், எறும்பு யாவும் இதில் அடங்கும். இது 'ஆர்த்ரோபோடா' என்ற அறிவியல் பெயரின் தமிழாக்கம். கிரேக்கத்தில் 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு, 'பூஸ்' என்றால் கால்.

பூச்சி என்ற பழகிய சொல் இருக்க இது எதற்கு? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலே விடை சொல்லும். மாட்டை உண்ணி கடித்த தழும்பு, தோலைப் பதனிட்டபின் புள்ளியாகத் தெரிந்து தரத்தைக் குறைக்கிறது. மண்டியில் அடுக்கிய பச்சைத் தோலைத் தோல் வண்டும் மயிரடர்ந்த அதன் புழுவும் அரிக்கின்றன. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். அது சிலந்திக்கு உறவு. வண்டுக்கு ஆறு. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டின் காலும் குட்டிக் குழாய்களைக் கோத்தது போலவே இருக்கும். குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வில்தான் கால் மடங்குகிறது. இந்த ஒற்றுமையைப் 'பூச்சி' காட்டுவதில்லை. காலே இல்லாத புழு வயிற்றுப்பூச்சி ஆகிறது. நண்டு பூச்சியில் சேர்வதில்லை.

இதே குழப்பம் பழைய இலக்கணத்திலும் அறிவியலிலும் இருந்தது. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாகச் சேர்த்தாலும், எறும்பை மூவறிவில் வைத்தது. அதற்குப் புலனே அளவுகோல். சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் நண்டையும் சிலந்தியையும் பூச்சி வகுப்பிலேயே அடக்கினார். உடல் வளையங்களைக் கணக்கில் கொண்ட பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, 1817இல் மண்புழுவையும் இவற்றோடு சேர்த்தார். ஜெர்மானிய விலங்கியலாளர் சீபோல்ட்தான் 1848இல் மண்புழுவை விலக்கி, காலை அடையாளமாக்கி இப்பெயரை நிலைநிறுத்தினார். ஆக, பிரித்துக் காட்டவே பிறந்த பெயர் இது.

கணுக்கால் என்றால் பாதத்துக்கு மேலுள்ள மூட்டுதானே என்பது ஒரு தடை. கரும்புக்கும் மூங்கிலுக்கும் கணு உண்டு. இங்கே சொல் 'கணுக்கால்' அன்று, கணுக்களை உடைய கால். மாட்டுக் காலிலும் மூட்டு உண்டே என்றால், அதன் எலும்பு உள்ளே இருக்கிறது, முதுகெலும்பும் உண்டு. வலுவான தடை, கணுக்காலிகள் ஓட்டை உரிப்பதையே அடையாளமாகக் கொள்ளலாமே என்பது. ஆனால் வயிற்றில் வாழும் உருளைப்புழுவும் மேலுறையை உரிக்கிறது. அது மண்புழுவைவிடக் கணுக்காலிகளுக்கே நெருங்கிய உறவு என்று 1997இல் மரபணு ஆய்வு காட்டியது. வயிற்றுப்பூச்சி என்ற வழக்கில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் உரித்தல் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டதால், வண்டையும் உருளைப்புழுவையும் பிரிக்கக் கணுவுள்ள கால்தான் மிஞ்சுகிறது.