ஜொகூர்த் தோட்டப்புறத் தமிழரும் மளிகைக் கொள்முதலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் ஆள் திரட்டும் முறை, கூலி, தொழிற்சங்கம், கல்வி, சமயம் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஆனால், தொழிலாளர் பெற்ற கூலி எங்குச் சென்றது, எதனை வாங்கியது, யாருடைய ஏட்டில் வரவாக எழுதப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. பால்மரக் காட்டில் ஈட்டிய கூலியின் பெரும்பகுதி அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி, புளி, உப்பு, எண்ணெய், கருவாடு ஆகியவற்றிற்கே செலவாயிற்று. ஆகவே, மளிகைக் கடையைப் புறந்தள்ளிவிட்டுத் தோட்டப்புற வாழ்வை முழுமையாக அறிதல் இயலாது. அரிசியைத் தன் பிடியில் வைத்திருந்தவனிடமே தொழிலாளியின் வாழ்வும் சிக்கியிருந்தது என்பதை ஜொகூர் மாநிலத்தைக் களமாகக் கொண்டு நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

காங்கார் முதல் தோட்டக்கடை வரை

ஜொகூரின் வணிக வரலாறு ரப்பரோடு தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காம்பிரும் பயிரிட்ட சீனர்கள் ஆற்றங்கரைகளில் குடியேறினர். 1844ஆம் ஆண்டு முதலே அவர்களுக்கு ஆற்று உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. உரிமை பெற்ற தலைவர் காங்சு எனப்பட்டார். அவரது குடியிருப்பு காங்கார் எனப்பட்டது. காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அதன் சுவடு இன்றும் காணப்படுகின்றது. குடியேறிகளுக்கு உணவுப் பொருள்களை விற்கும் தனியுரிமையும் காங்சுவிடமே இருந்தது. முன்பணம் தந்து, பொருளைக் கடனாகக் கொடுத்து, விளைச்சலில் கழித்துக்கொள்வதே அம்முறையின் இயல்பாகும்.

காங்சு முறை 1917இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. எனினும், கடன்வழி உணவு வழங்கும் பழக்கம் அதனோடு மறையவில்லை. காங்சுவின் இடத்தில் தோட்ட நிருவாகமும், கங்காணியும், சிற்றூர்ச் சீனக் கடைக்காரரும் வந்தமர்ந்தனர். கடன் கொடுத்தவர் மாறினாரேயன்றிக் கடன் மாறவில்லை எனலாம்.

சரக்கு வந்த வழி

1909ஆம் ஆண்டு இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியது. அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், குலாய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து தோட்டங்கள் பெருகின. 1911இல் சில ஆயிரமாக மட்டுமே இருந்த ஜொகூர் இந்தியர் தொகை 1931இல் ஏறத்தாழ ஐம்பதாயிரமாக உயர்ந்தது. இத்தனை பேருக்கும் வேண்டிய அரிசி ஜொகூரில் விளையவில்லை. போருக்கு முந்தைய மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. தஞ்சையிலும் திருச்சியிலும் நெல் வயலில் உழைத்தவர்கள், இங்கு வந்து பிற நாட்டு அரிசியை விலைக்கு வாங்கி உண்ணும் நிலைக்கு ஆளாயினர்.

சிங்கப்பூரே ஜொகூரின் பண்டகசாலையாக விளங்கியது. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட பாலம் சரக்குப் போக்குவரத்தை மேலும் எளிதாக்கியது. மிளகாய், மல்லி, மஞ்சள், பருப்பு ஆகியன இந்தியாவிலிருந்து கடல்வழி வந்து, மொத்த வணிகர்களின் கைமாறித் தோட்டத்தை அடைந்தன. இவ்வணிகத்தில் தமிழ் முசுலிம்களின் பங்கு பெரிது. நகரத்தார் கொடுக்கல் வாங்கல் வழியாக வணிகர்க்கு முதல் தந்தனர். மலாய் மொழியில் கடையைக் குறிக்கும் ‘கெடாய்’ என்னும் சொல் தமிழ்க் ‘கடை’யிலிருந்து சென்றதாகும், முதலீட்டைக் குறிக்கும் ‘மோடல்’ என்னும் சொல் தமிழ் ‘முதல்’ என்பதன் திரிபாகும். தமிழர் வணிகம் தோட்டக் குடியேற்றத்திற்கு மிக முற்பட்டது என்பதற்கு இச்சொற்களே சான்று பகர்கின்றன.

ஆயினும், தோட்டத்து வாயிலில் இருந்த கடை பெரும்பாலும் சீனருடையதாகவே இருந்தது. அக்கடைக்காரர் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். தீபாவளிக்கு எள்ளும் வெல்லமும், பொங்கலுக்குப் பச்சரிசியும் தருவித்து வைத்தார். வணிகத் தேவை வளர்த்த இம்மொழியறிவு, சமூக மொழியியலார் தனித்து ஆராயத்தக்கது.

கூலியும் பற்றுக் கணக்கும்

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. எனினும், கங்காணிமுறை நீடித்தது. பல தோட்டங்களில் நிருவாகமே அரிசியை வழங்கி, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. சில தோட்டங்களில் கங்காணியே கடை வைத்திருந்தார். வேலை தந்தவரும் பொருள் விற்றவரும் ஒருவராகவே இருந்தபோது, கடனாளியான தொழிலாளி விலையைக் கேள்வி கேட்கவும், வேறு தோட்டத்திற்குச் செல்லவும் தயங்கியதில் வியப்பில்லை.

1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக்கூலியாக வகுக்கப்பட்டன. இத்தொகை ஒரு தொழிலாளர் குடும்பம் உண்ணும் அரிசி, கறிச்சாமான், உடை, பண்டிகைச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பெறப்பட்டது. அதாவது, ஒரு தமிழன் எவ்வளவு உண்டால் போதும் என்பதை அரசு அலுவலர்களே வரையறுத்தனர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது இக்கூலி வெகுவாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நிலைமையை ஆராய வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1937இல் வெளியிட்ட அறிக்கையில் பழைய கூலியை மீண்டும் அளிக்கப் பரிந்துரைத்தார்.

இச்சூழலில் குடும்பத்தைக் காத்தது பற்றுக் கணக்கே. கடைக்காரர் ஒரு ஏட்டிலும், வாங்குவோர் ஒரு சிற்றேட்டிலும் குறித்துக்கொள்வர். பிற்காலத்தில் ‘555’ என்னும் குறியுடைய சிறு குறிப்பேடு நாடெங்கும் இதற்குப் பயன்பட்டது. சம்பள நாளில் பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து, மறு திங்களுக்கான சாமானைப் பெறுதல் வழக்கமாயிற்று. மழைக்காலத்தில் மரம் வெட்ட இயலாது வருவாய் குன்றும்போது பற்று ஏறும். நல்ல திங்களில் அது குறையும். எழுத்தறியாத பெண்கள் பலர் கணக்கை நினைவிலேயே வைத்து ஏட்டோடு ஒப்பிட்டனர். பற்று உதவியாகவும் இருந்தது, தளையாகவும் இருந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது.

ஜப்பானியர் ஆட்சியில் பஞ்சம்

1942 சனவரி இறுதியில் ஜொகூர் பாரு ஜப்பானியர் வசமாயிற்று. கடல்வழி அரிசி வரவு சுருங்கியதும் இறக்குமதியை நம்பிய வாழ்வு குலைந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அன்றாட உணவாயின. தேங்காய் எண்ணெய்க்கு மாற்றாகச் செம்பனை எண்ணெய் அடுப்பேறியது. சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பான்மையோர் தமிழர். உழைக்கும் ஆண்களை இழந்த வீடுகளில், கிழங்கு நட்டுக் குழந்தைகளைக் காத்தவர்கள் பெண்களேயாவர். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் ஜப்பானியர் வெளியிட்ட ‘வாழைமரத் தாள்’ செல்லாததாக அறிவிக்கப்பட்டது. கையிலிருந்த சேமிப்பு வெறுந்தாளாகிவிட, மக்கள் மீண்டும் கடைக்காரரின் பற்று ஏட்டையே நாட வேண்டியதாயிற்று.

அவசரகாலமும் அரிசிக் கட்டுப்பாடும்

1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் மளிகைக் கடையைப் போர்க்களமாக்கியது. பிரிக்ஸ் திட்டத்தின்படி மீள்குடியேற்றப் பணி 1950 சூனில் ஜொகூரிலிருந்தே தொடங்கிற்று. சிதறிக் கிடந்த தோட்டக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிடைக்காதவாறு 1951 முதல் கடுமையான உணவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் தாம் விற்ற ஒவ்வொரு பொருளையும் பதிவு செய்தல் வேண்டும். தகரப்புட்டியில் அடைத்த உணவை விற்கும்போதே துளையிட்டுத் தருதல் வேண்டும். வைகறையில் வேலைக்குச் சென்ற தொழிலாளர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். வேலைக்காட்டிற்குச் சோறு கொண்டுசெல்வதும் பல இடங்களில் தடுக்கப்பட்டது.

1956-57இல் சிகாமட் வட்டாரத்தில் நடந்த உணவு மறுப்பு நடவடிக்கையின்போது அரிசியை மையச் சமையற்கூடத்தில் சமைத்து வழங்கும் முறையும் கையாளப்பட்டது. அரிசியைத் திங்கள் கணக்கில் காட்டில் பதுக்கி வைக்கலாம். சோறோ மறுநாளே கெட்டுவிடும். இதுவே அம்முறையின் காரணமாகும். பாதுகாப்பு நோக்கில் இதனை வெற்றி எனக் கூறுவர். 1958இல் தென்பகுதிக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லுங் சரணடைந்ததை அதன் பயனாகக் காட்டுவோரும் உளர். ஆயின், ஒரு தாய் தன் வீட்டில் தான் விரும்பிய வேளையில் உலை வைக்கும் உரிமையை இழந்ததை அவ்வரலாறுகள் பதிவு செய்யவில்லை. உணவை ஆயுதமாக்கிய போரில், எத்தரப்பிலும் சேராத தொழிலாளர் குடும்பமும் அதன் விலையைக் கொடுத்தது.

தோட்டத்திலிருந்து நகருக்கு

விடுதலைக்குப் பின் நிலைமை மெல்ல மாறிற்று. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிப் பேச்சுக்கு ஒருமித்த குரல் தந்தது. கூட்டுறவு இயக்கம் சேமிப்பிற்கு வழிகாட்டியது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாக உருப்பெற்றும் வந்தமையால் மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று பேரங்காடியில் ரொக்கம் கொடுத்து வாங்குவோரே மிகுதி. ஜொகூர் பாருவின் உங்கு புவான் சாலைப் பகுதியில் மசாலைப் பொருள்களும் பூசைச் சாமான்களும் விற்கும் தமிழர் கடைகள் ‘லிட்டில் இந்தியா’வாக அறியப்படுகின்றன. சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வந்து சாமான் வாங்கிச் செல்வோரும் பலர். ஒரு காலத்தில் சிங்கப்பூரை நோக்கியிருந்த கொள்முதலின் திசை இவ்வாறு பெருமளவு மாறியுள்ளது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட எல்லை 2022 ஏப்ரலில் முழுமையாகத் திறக்கும் வரை வணிகர் பட்ட இடர், இவ்விரு கரைகளின் பிணைப்பை மீண்டும் உணர்த்தியது.

முடிவுரை

காங்சு, கங்காணி, தோட்ட நிருவாகம், ஜப்பானிய இராணுவம், அவசரகால அரசு என ஆள்வோர் மாறினர். எனினும், உணவு வழங்கலைக் கைக்கொள்வதே மக்களைக் கைக்கொள்ளும் வழி என்பதில் அவர்களுள் வேறுபாடில்லை. இதற்கு நடுவிலும் தமிழ்க் குடும்பங்கள் பண்டிகைக்குப் பலகாரமும் விருந்தினர்க்குச் சோறும் அளித்து வாழ்ந்தன என்பது அவர்தம் வாழ்வாற்றலைக் காட்டுகின்றது.

இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. மூடப்பட்ட கடைகளின் பற்று ஏடுகளிலும், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் சிற்றேடுகளிலும், அவசரகாலத்தை நேரில் கண்ட முதியோரின் நினைவிலும் அவை உள்ளன. கடைகள் கைமாறும்போது ஏடுகள் பழைய தாளோடு போய்விடுகின்றன. முதியோரும் நம்மை விட்டுப் பிரிந்து வருகின்றனர். தமிழாசிரியர்கள் தத்தம் வட்டாரத்தில் மாணவர்களைக் கொண்டு இவற்றைப் படியெடுத்தும் ஒலிப்பதிவு செய்தும் காத்தல் வேண்டும். அரிசி எத்தனை காத்தி, மிளகாய் எத்தனை காசு, பாக்கி எவ்வளவு என்னும் அவ்வரிகளே, தம் பெயரால் வேறு எந்த ஆவணத்தையும் விட்டுச் செல்லாத ஒரு தலைமுறையின் எழுத்துச் சான்றாகும்.