எண்ணும் எழுத்தும்: கல்வெட்டிலும் திருமறையிலும் பதிவேட்டிலும்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் பல்லவர், இராட்டிரகூடர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. வரலாற்று மாணவர் அவற்றில் அரசர் பெயரையே முதலில் தேடுவர். கொடையின் அளவு எவ்வாறு குறிக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. தமிழ்க் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டும் பொன்னும் ஆடும் ஓரிடத்தில் இலக்கமாகவும் மற்றோரிடத்தில் சொல்லாகவும் வருகின்றன.

தமிழ் இலக்கங்கள் எழுத்துகளின் உருவை ஒத்தவை. ௧ ககரம் போலவும், ௭ எகரம் போலவும், ௰ யகரம் போலவும் தோன்றும். சோழர் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் தொண்ணூறு ஆடுகள் விடப்பட்டன. அதனை ௯௰ என்று வெட்டினால், கல் தேய்ந்த பின்னர் 'கூய' என்று வாசிக்கவும் இடமுண்டு. சொல்லால் வெட்டினாலோ, ஓரெழுத்து அழிந்தாலும் தொகை நிற்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு சொல்லாலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இதே இடர்ப்பாடு திருமறைப் பிரதிகளிலும் உண்டு. கிரேக்கர் தம் நெடுங்கணக்கின் எழுத்துகளையே எண்களாகவும் வழங்கினர். வெளிப்படுத்தல் 13:18இல் வரும் 666 என்னும் எண்ணைச் சில பிரதிகள் 616 என்று வாசிப்பதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியஸ் அறிந்திருந்தார். அறுபதைக் குறிக்கும் எழுத்து, பத்தைக் குறிக்கும் எழுத்தாகத் திரிந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. எகிப்தின் ஆக்சிரிங்கு என்னுமிடத்தில் கிடைத்து 1999இல் வெளியிடப்பட்ட 115ஆம் பாப்பிரசு, 616ஐ மூன்றே எழுத்துகளில் இலக்கமாகத் தருகிறது. நான்காம் நூற்றாண்டுச் சீனாய்ப் பிரதியில் 666 சொற்களால் விரித்தெழுதப்பட்டுள்ளது. ஆயின் ஐந்தாம் நூற்றாண்டு எப்பிராயீம் பிரதியில் 616உம் சொற்களாலேயே உள்ளது! சொல்லால் எழுதுதல் இனி நேரும் பிழையைத் தடுக்கும். முன்னரே நேர்ந்ததை நிலைநாட்டியும் விடும்.

நம் தமிழ்த் திருமறையில் அதிகாரமும் வசனமும் இலக்கத்தில் நிற்க, வசனத்துக்குள் வரும் எண்கள் சொல்லாகவே அச்சாயின. இது பொருத்தமே. 'பன்னிருவர்' என்பது ஒரு தொகை மட்டுமன்று, ஒரு பெயர்; '12 பேர்' என்றால் அப்பெயர் போய்விடும். ஒரு, ஓர், இரு, ஈர் என்னும் வேறுபாட்டையும் இலக்கம் காட்டாது. அருளுரை எழுதும் மாணவர் இதனைக் கருதுதல் நன்று. ஆண்டும் அதிகார எண்ணும் இலக்கத்திலேயே இருக்கட்டும். அவற்றை விரித்தெழுதுவது வாசகரை வருத்துவதாகும்.

சட்டமும் சொல்லையே நம்புகிறது. காசோலையில் எழுத்தாலும் எண்ணாலும் குறித்த தொகைகள் மாறுபடின் எழுத்தால் குறித்ததே செல்லும் என்பது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. சபைப் பதிவேடுகளை எழுதுவோர் அனைவரும் இக்கவனத்தைக் கொண்டிலர். இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தோருள், பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்க்கு ஞானஸ்நானச் சான்றே வயதுக்கு ஆதாரமாய் நின்றதுண்டு. மையூறிய ஏட்டில் 1937 என்பது 1931 என்று வாசிக்கப்படின், ஒரு தொழிலாளி ஆறாண்டு ஊதியத்தை இழப்பார். எனவே ஞானஸ்நான நாளை இலக்கத்தால் எழுதும் குருவானவர், பிறந்த நாளையேனும் சொல்லாலும் எழுதுக. கட்டத்தில் இடம் போதாதெனில் ஓரத்தில் உண்டு.