ஞாயிறு முதல் சனி வரை: எமது ஆலயத்தின் ஒரு வாரம்

கல்லூரி வரலாறு எழுதுவோர் அதிபர்களின் பெயர்களையும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவர். ஆலய வரலாறு எழுதுவோர் குருமாரின் பெயர்களைச் சுவரிற் பதித்த கற்பலகையிலிருந்து எடுத்து எழுதுவர். இரண்டும் வேண்டியவையே. ஆனால் ஆலய மணியைக் கேட்டு எழும்பிய எமக்கு நினைவில் நிற்பது வாரங்கள்தான். ஞாயிறு முதல் சனி வரை அந்த ஆலயத்தில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. இந்த நூற்றாண்டு மலரில் அதனை எழுதி வைக்க விரும்புகின்றோம்.

பழைய நிலம்

சுண்டுக்குளியில் போர்த்துக்கேயர் காலத்திலேயே தேவாலயம் ஒன்று இருந்தது. 1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது அது அவர்களுடைய சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடமாயிற்று. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயுஸ் பாதிரியார் 1672 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குடாநாட்டுத் தேவாலயங்களைப் படங்களோடு விவரித்துள்ளார். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் குருவாகப் பணிபுரிந்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர். 1824 இல் கல்கத்தாப் பேராயர் ஹீபர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார்.

சேர்ச் மிஷனரி சங்கத்தார் 1818 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். வந்த நால்வரில் ஜோசப் நைற் நல்லூரைத் தெரிந்துகொண்டார். 1823 இல் அங்கு தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் சுண்டுக்குளிக்கு இடம்பெயர்ந்து பரியோவான் கல்லூரியாக வளர்ந்தது. பெண்பிள்ளைகளின் கல்வியில் அமெரிக்க மிஷன் முந்திக்கொண்டது. உடுவில் விடுதிப் பாடசாலை 1824 இலேயே தொடங்கிவிட்டது. எமது கல்லூரி 1896 சனவரியில் திருமதி மேரி காட்டரால் ஆரம்பிக்கப்பட்டது. ஆலயமும் ஆண்கள் கல்லூரியும் பெண்கள் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் அமைந்தமையால் மூன்றின் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது.

வெளிநாட்டிற் பிறந்த எம் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாணப் பேராயமாயின. எமது ஆலயம் அதிற் சேரவில்லை. 1845 இல் நிறுவப்பட்ட கொழும்புப் பேராயத்தின் கீழ், இலங்கைத் திருச்சபையின் அங்கமாகவே அது தொடர்ந்தது. அதனால் எம் பேராயர் தூரத்தில் இருந்தார். 1905 இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை புகையிரதப் பாதை இணைந்த பின்னரே அவருடைய பயணம் இலேசாயிற்று. பேராயர் வந்தாற்றான் திடப்படுத்தல் நடக்கும். எனவே அந்த நாளுக்காக வெள்ளை உடுப்புத் தைத்து, வினாவிடை பாடமாக்கிக் காத்திருப்போம்.

ஞாயிறு

முதல் மணி விடியப்புறம் அடிக்கும். அதிகாலைத் திருவிருந்துக்குப் பெரியவர்கள் வெறும் வயிற்றோடு வருவர். பின்னர் காலை ஆராதனை. விடுதிப் பிள்ளைகள் இருவர் இருவராக வரிசையில் நடந்து வருவோம். சிறியவர்கள் முன்னே, பெரியவர்கள் பின்னே, கடைசியில் விடுதிப் பொறுப்பாசிரியை. எம் பின்னலில் ஒரு ரிபன் அவிழ்ந்திருந்தாலும் அவர் கண்ணிலிருந்து தப்பாது.

ஆராதனை முறை 1662 ஆம் ஆண்டின் பொது ஜெப புத்தகத்தின் வழிவந்தது. அப்புத்தகம் சங்கீதங்கள் 150 ஐயும் முப்பது நாட்களுக்குப் பங்கிட்டு, காலைக்கும் மாலைக்கும் வகுத்திருக்கின்றது. ஆலயத்துக்குத் தவறாமற் சென்ற எங்கள் பாட்டிமாரிற் சிலர் எழுதப்படிக்க அதிகம் தெரியாதவர்கள். ஆனால் சங்கீதங்களைப் பார்க்காமற் சொல்வார்கள். ஆங்கிலப் பாமாலைகளின் மெட்டுக்கு மொழிபெயர்த்த பாட்டுகளும், வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளும் ஒரே ஆராதனையில் ஒலிக்கும். முன்னதற்கு ஓகன், பின்னதற்குக் கைத்தாளம். கீர்த்தனை தொடங்கியதும் பின்வாங்கில்களில் இருந்தவர்களின் குரல் ஓங்கும்.

விவாக அறிவித்தல் வாசிக்கப்படும்போது நாம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வோம். மூன்று ஞாயிறுகள் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். முதல் ஞாயிறு ஊருக்குச் செய்தி. மூன்றாம் ஞாயிறுக்குள் சீதனக் கணக்கு முழுவதும் விடுதிக்கு வந்து சேர்ந்துவிடும்.

பின்னேரம் ஓய்வுநாட் பாடசாலை. மேல்வகுப்பு மாணவியர்தான் அதன் ஆசிரியைகள். பதினாறு பதினேழு வயதில், மரநிழலில், பதினைந்து குழந்தைகளை அரைமணி நேரம் கதை சொல்லி இருத்திவைக்கப் பழகியவர்கள் பிற்காலத்தில் நல்லாசிரியைகளானதில் வியப்பில்லை.

வாரநாட்கள்

வாரநாள் ஒன்றின் பின்னேரம் தாய்மார் சங்கம் கூடும். ஒரு தலைமுறைக்கு அது புதனாக இருந்தது. இன்னொரு தலைமுறைக்கு வியாழன். 1876 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் கிராமக் குரு ஒருவரின் மனைவியான மேரி சம்னர் தொடங்கிய இச்சங்கம் உலகெங்கும் அங்கிலிக்கன் சபைகளிற் பரவியது. எம் ஊரில் அதற்கு வேறொரு உருவம் கிடைத்தது. ஜெபம், வேதவாசிப்பு, ஒரு சிறு பேச்சு ஆகியவை முடிந்தபின் உண்மையான வேலை தொடங்கும். யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருடைய மகனுக்கு வேலை இல்லை, எந்த வீட்டிற் பிள்ளைப்பேறு அண்மிக்கிறது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். அடுத்த நாள் இருவர் சோற்றுக் கரியரோடு போவர்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது யாழ்ப்பாண வழக்கம். எனவே துக்க மணி நிதானமாக ஒலிக்கத் தொடங்கியதும் ஆலயப் பெண்களுக்கு வேலை பிறந்துவிடும். தேநீர், சோறு, வந்தவர்களுக்குப் பாய், அழும் பிள்ளைகளுக்குப் பால் என ஒருவர் சொல்லாமலே பங்கிட்டுக்கொள்வர். அந்த வீடு சைவ வீடாக இருந்தாலும் அயலவர் என்ற முறையிற் போவர்.

பிடியரிசியைப் பற்றி இளையவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் உலை வைக்கும்போது குடும்பத் தலைவி அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையிற் போடுவாள். வாரம் அல்லது மாதம் முடிய அது ஆலயத்துக்குப் போகும். கையில் தனக்கென ஒரு சதமும் இல்லாத பெண்ணும் தானே தீர்மானித்துக் கொடுக்கக்கூடிய காணிக்கை அது. 1881 ஆம் ஆண்டின் சட்டத்தோடு அங்கிலிக்கன் சபைக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவி முடிவுக்கு வரத் தொடங்கியது. மிஷன் சங்கத்தின் பணமும் காலப்போக்கிற் குறைந்தது. சபைகள் தங்கள் காலில் நின்றதற்குப் பிடியரிசியும் ஒரு காரணம். கணக்குப் புத்தகத்தில் அது ஒரு சிறிய தொகையாகவே தெரியும். அதற்குப் பின்னால் இருந்த கைகள் பல.

வெள்ளி பின்னேரம் பாடகர் குழுவின் பயிற்சி. எம்மோடு படித்த சைவப் பிள்ளைகள் அன்று காலை திருநீறு பூசி வருவர். பயிற்சி நடக்கும்போது வெளியே நின்று அதே பாட்டை எம்மைவிடச் சுருதி சுத்தமாக முணுமுணுப்பர். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாட் திருவிழாவில் நாங்களும் அவர்களோடு கச்சானும் காப்பும் வாங்கினோம். மிஷன் பாடசாலைகள் மதமாற்றத்துக்கென்றே வந்தவை என்ற குற்றச்சாட்டு யாழ்ப்பாண வரலாற்றில் ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே உண்டு. அதிலுள்ள உண்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த வழக்கைப் பிள்ளைகள் தமக்குள் வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். இன்றும் பழைய மாணவியர் ஒன்றுகூடல்களிற் கீர்த்தனைகளை முழுதாகப் பாடக்கூடியவர்களிற் பலர் சைவர்களே.

சனிக்கிழமை துப்புரவு. பித்தளைச் சிலுவையையும் குத்துவிளக்கையும் பழப்புளியும் சாம்பலும் கொண்டு மினுக்குவோம். பீட விரிப்பின் நிறம் திருச்சபை ஆண்டுக்கேற்ப மாறும்: தபசு காலத்துக்கு ஊதா, கிறிஸ்மஸுக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாட்களுக்குப் பச்சை. நந்தியாவட்டையும் குரோட்டன் இலையும் வீட்டு வளவுகளிலிருந்து வரும். பீட விரிப்பை எப்படி மடிப்பது, கசங்காமல் எப்படி விரிப்பது என்பதைப் பெரியம்மாமார் எமக்குக் காட்டித் தந்தனர். அவ்விரிப்பை மடித்த கைகளுக்கு அந்தப் பீடத்தில் நின்று திருவிருந்தை நடத்தும் உரிமை இருக்கவில்லை. இலங்கைத் திருச்சபையிற் பெண்கள் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது 2006 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வாழ்ந்து மறைந்த எத்தனை பெண்களுக்கு அந்த அழைப்பு உள்ளத்தில் இருந்திருக்கும் என்பதை எவரும் கேட்டதில்லை.

ஏலம் கற்றுத்தந்த பாடம்

ஆண்டில் ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். வாழைக்குலை, பூசணி, முருங்கைக்காய், வெங்காயப் பிடி, பனங்கட்டிக் குட்டான், முட்டை, உயிரோடு ஒரு சேவல் எனப் பீடத்தின் முன்பகுதி சந்தையாகிவிடும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரே பூசணிக்காயை ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுக்க, அது மீண்டும் ஏலத்தில் ஏறும். கடைசியில் அதன் விலைக்கு ஒரு மூடை அரிசி வாங்கலாம்.

இதனை வேடிக்கையாகவே பார்த்த எமக்கு 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்தபோது அதன் அருமை விளங்கியது. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. எமது கல்லூரி தனியார் பாடசாலையாகவே நிற்கத் தீர்மானித்தது. கட்டணம் அறவிடாமல், அரச உதவியும் இல்லாமல் நடக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளிற் பெற்றாரும் பழைய மாணவியரும் விற்பனைகளும் களியாட்ட விழாக்களும் நடத்திப் பணம் திரட்டினர். பலகாரக் கடை போடவும், கணக்கு வைக்கவும், கேட்கத் தயங்காமற் கேட்கவும் அவர்களிற் பலர் பழகிய இடம் ஆலய முற்றம்.

வாரம் குலைந்த காலம்

1990 இன் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமையாயிற்று. மாலை ஆராதனை வெளிச்சம் மங்குமுன் முடிந்தது. ஊரடங்கினால் ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனை பகலுக்கு வந்தது. இரவில் வீடுவீடாகப் போன கரோல் குழு நின்றுபோயிற்று. ஆலயம் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1995 யூலை 9 ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தனர். எம்மவர் கையில் எடுத்துச்சென்றவற்றிற் பிறப்பத்திரம், காணி உறுதி ஆகியவற்றோடு ஞானஸ்நானச் சான்றிதழும் இருந்தது. அது வெறும் பக்திப் பொருளல்ல. பிறப்பத்திரம் தொலைந்தவருக்குத் தம் பெயரும் பெற்றார் பெயரும் எழுதிய வேறொரு தாள். ஞாயிறு வந்தபோது பள்ளிக்கூட மண்டபங்களிலும் மரங்களின் கீழும் ஆராதனை நடந்தது. பாமாலைப் புத்தகம் இருந்தவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் நினைவிலிருந்து பாடினர். 1996 ஏப்ரலிலிருந்து மக்கள் திரும்பத் தொடங்கினர். திரும்பியவர்கள் ஆலயத்திற் செய்த முதல் வேலை கூட்டுவதும் கழுவுவதும்தான். அது பழைய சனிக்கிழமை வேலை.

திரும்பாதவர்கள் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கின்றோம். அயலிலுள்ள ஆலயத்திற் பூ அடுக்குவோர் பட்டியலில் எம் பெயரும் இருக்கின்றது. தமிழ் ஆராதனை நடக்கும் ஞாயிறுகளிற் கட்லெற்றும் ரோல்சும் பொதி செய்து போகின்றோம். எவரேனும் நோயுற்றால் சோற்றுக் கரியருக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பெட்டி போகின்றது.

எழுதி வைப்போம்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை பதிவேடுகளில் உள்ளன. பிடியரிசிப் பானை வைத்திருந்தவர், பீட விரிப்பு மடிக்கக் கற்றுத்தந்தவர், செத்த வீட்டுக்கு முதலாவதாக ஓடியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களை நேரில் அறிந்த கடைசித் தலைமுறை நாம். எம்மில் மூத்தவர்களுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

ஆகவே இதனை வாசிக்கும் ஒவ்வொரு பழைய மாணவியிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் காலத்து வாரம் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த நாளில் என்ன நடந்தது, யார் செய்தார் என்று பெயரோடு எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில், நிற்பவர் இருப்பவர் பெயர்களை இன்றே பென்சிலாற் குறித்து வையுங்கள். சைவ மாணவியரும் எழுத வேண்டும். ஆலய மணியை வெளியே நின்று கேட்டவர்கள் சொல்வதும் இந்த வரலாற்றின் பகுதியே. சங்கத்துக்கு வந்து சேரும் பக்கங்களைத் தொகுத்து ஒரு பிரதியை ஆலயத்திலும் ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைத்தால், அடுத்த மலரை எழுதுவோர் கற்பலகையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.