உழைத்த உடலும் உவக்காத உள்ளமும்

சென்ற வருஷம் ஜொகூரில், கூலாய்க்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்து மண்டபத்தில் நடந்த கூட்டமொன்றுக்குச் செல்லும்படி நேர்ந்தது. நகரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஒருவர் மனக்கவலையையும் மனச்சோர்வையும் பற்றி நல்ல தமிழில் பேசினார். மனம் தளர்ந்தவர்கள் நாள்தோறும் அரைமணி நேரமாவது கை வீசி நடத்தல் வேண்டும் என்றும், உடல் அசைந்தால் உள்ளமும் இலகுவாகும் என்றும் எடுத்துரைத்தார். அப்பொழுது முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, "டாக்டரையா, நாப்பது வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து மரத்துக்கு மரம் நடந்தவ நான். நீங்க சொல்ற நடையெல்லாம் நடந்து முடிச்சாச்சு. அப்புறம் ஏன் என் மனசு இன்னும் இலேசாகல?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்தார். விடை மட்டும் வரவில்லை. நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் நன்றியுரைக்குப் போய்விட்டார்.

சிரித்துத் தள்ளிவிடத் தக்க கேள்வி அன்று அது. தேகாப்பியாசம் மனத்துக்கு மருந்தாகும் என்று வைத்திய சாஸ்திரம் இன்று உறுதியாகக் கூறுகின்றது. அவ்வாறாயின் நம் தோட்டத் தொழிலாளியைக் காட்டிலும் மனத்தெளிவு மிக்கவர் இவ்வுலகில் யார் இருந்திருக்க முடியும்? அவருடைய உடல் ஓய்ந்திருந்த நாள் எது? ஆயினும் நம் தோட்டங்களின் கதையைப் புரட்டினால் கள்ளுக்கடையும், அடிதடியும், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் துயரமும் அல்லவோ பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுகின்றன! சாஸ்திரம் பொய்யா, மூதாட்டியின் அநுபவம் பொய்யா? இரண்டும் மெய்யே என்பது நம் கருத்து. எவ்வாறு என்பதை அறியச் சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-ம் வருஷத்தில் முற்றுப்பெற்றது. அதன் பின்பு சிகாமட், லாபீஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. மரத்தை நட்டவரும் வெட்டியவரும் பலர். அவருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் சேர்த்துக் கொணர்ந்த நம்மவர். உதவி பெற்றுக் கப்பலேறும் அவ்வழக்கத்தை இந்திய அரசாங்கம் 1938-ல் தடை செய்யும் வரையில் அது நின்றபாடில்லை.

பால் வெட்டுவோரின் பொழுது இருட்டிலேயே தொடங்கும். வெயில் ஏறுமுன்பு மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்; அப்பொழுது கீறினால்தான் பால் தாராளமாக வழியும். ஆதலால் கோழி கூவுமுன் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக நிரைக்குள் நுழைய வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொன்றின் முன்பும் குனிந்தும் நிமிர்ந்தும் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகச் சென்றால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்கு வசை. பின்னர் அதே மரங்களைச் சுற்றி வந்து பாலைச் சேர்த்துக் காண்டா போட்டுச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். பெண்ணாயின் அதற்குமேல் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். அசைந்தது அவர் உடல். அசைத்தது பிறருடைய கட்டளை. எங்கே நிற்பது, எப்பொழுது திரும்புவது, எவருடன் பேசுவது என்பன எவையும் அவர் கையில் இல்லை.

உழைப்பால் மனநோயைத் தீர்க்கப் புகுந்த வைத்தியர்களும் ஒரு காலத்தில் இதே சிக்கலில் அகப்பட்டார்கள். இங்கிலாந்தில் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பார் 1796-ல் நிறுவிய விடுதியில், பித்தர் என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சங்கிலியால் பிணிக்காமல், தோட்ட வேலையிலும் உலாவலிலும் தையலிலும் ஈடுபடுத்தினார்கள். பலர் தேறினார்கள். அம்முறை பெரிய பெரிய அரசாங்க மருத்துவமனைகளுக்குப் பரவியபொழுது, நோயாளியின் நலத்துக்காக வந்த தோட்ட வேலை பல இடங்களில் மருத்துவமனைச் செலவைக் குறைக்கும் கூலியில்லா வேலையாகச் சுருங்கிற்று. மண்வெட்டி அதே மண்வெட்டிதான். ஆயினும் முன்பு தேறியவர்கள் போல் பின்பு தேறவில்லை என்றால் வியப்பென்ன?

நம் ஜொகூரிலும் அத்தகைய மருத்துவமனை ஒன்று உண்டு. ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1930-களில் எழுந்த மனநோய் மருத்துவமனை அது. 1941 நவம்பரில், யுத்தம் வாசலுக்கு வந்துவிட்ட சமயத்தில், ஆஸ்திரேலியப் படையின் மருத்துவமனை ஒன்று சில காலம் அக்கட்டடங்களில் தங்கிற்று. இப்பொழுது அதன் பெயர் பெர்மாய். மலாயில் அழகியது என்று பொருள். நம்மவர் வாயில் மட்டும் "தம்போய்க்கு அனுப்பிவிடுவார்கள்" என்பது நெடுநாளாக ஏச்சாகவே இருந்து வந்திருக்கின்றது. மனம் நொந்தவர் வாய்திறக்க அஞ்சியதற்கு இவ்வேச்சும் ஒரு காரணம் என்போம்.

இனி, சைக்கிளின் கதைக்கு வருவோம். 1941-ம் வருஷத் தொடக்கத்தில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டார்கள். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டார்கள். பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதை நிறுத்தக் கேட்டார்கள். இவற்றுடன் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்ல உரிமை வேண்டும் என்றார்கள்! வயிற்றுக்காகப் போராடியவர்கள் இந்த அற்பத்தையும் ஏன் சேர்த்தார்கள் என்று அந்நாளில் சிலர் நகைத்திருக்கக்கூடும். நமக்கோ அப்பட்டியலில் மிக நுட்பமானது அதுவே என்று தோன்றுகின்றது. வேலை முடிந்த மாலையில், தன் காசில் வாங்கிய சைக்கிளில், தான் விரும்பிய திசையில், காற்று முகத்தில் பட ஒருவன் செல்கிறான். நாள் முழுவதிலும் அவ்வுடல் அவனுக்கே சொந்தமாக இருக்கும் நேரம் அது. அந்நேரத்திலும் துரையின் தலை தெரிந்தவுடன் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டுமாயின், மிதித்ததால் வந்த உவகை முழுவதும் அந்தக் கணத்தில் வடிந்துவிடாதா? தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, சிலர் உயிரிழந்தனர்.

அதே வருஷம் டிஸம்பரில் ஜப்பானியர் வந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மண் சுமப்பதும், பாறை உடைப்பதும், மூங்கிற் காடு வெட்டுவதும் ஆகிய உழைப்பில் உடல் நலம் தேறியவர் எவரும் இலர். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர் தொகை பல்லாயிரம். அந்தத் துயரத்தை இங்கு விரிக்க மனம் வரவில்லை.

ஆனால் அப்பாதை முடிந்த அதே மாதத்தில் சிங்கப்பூரில் வேறொன்று தொடங்கிற்று. சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் ஸ்திரீகளுக்கென ஜான்ஸி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி, சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி தேவர் போன்றோரும் சேர்ந்தனர். எனினும் படையில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துப் பெண்களே. நேற்று வரை வாளி சுமந்தவர்கள் இன்று கால்சட்டை அணிந்து, வரிசையில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி நடை பயின்றார்கள், துப்பாக்கி பிடித்தார்கள், நெடுந்தூரம் நடந்தார்கள். பசி அங்கும் உண்டு. களைப்பு அங்கும் உண்டு. அவர்களுள் பலர் முதிய வயதில் அளித்த பேட்டிகளில் அந்நாட்களைப் பெருமிதத்துடன் நினைவுகூர்ந்திருக்கின்றனர்.

இதை மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. சயாமுக்குப் போவதிலிருந்தும் பசியிலிருந்தும் தப்பவே ராணுவத்தில் சேர்ந்தவர் உண்டு. ஜப்பானியருடன் கைகோத்ததைப் பற்றிய விவாதமும் தீர்ந்தபாடில்லை. அப்படை போர்முனையில் பொருதவும் இல்லை. 1945-ல் பர்மாவிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. யுத்தத்துக்குப் பின்பு பெரும்பாலோர் பழைய நிரைக்கே திரும்பினர். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. தோட்டத்தில் மாலை நேரத்துப் பந்து மைதானம் ஆண்களுக்கென்றே இருந்தது. பெண்ணின் உடல் தன் பொருட்டு, தோழியர் நடுவே, தலை நிமிர்ந்து அசைவதற்கு இடம் எதுவும் இருந்ததில்லை. அத்தகைய இடம் முதன்முதலாகக் கிடைத்தபொழுது, அது படைமுகாமாக இருந்தபோதிலும், அவர்கள் உள்ளத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்துவிட்டது.

ஆண்களிடத்தும் அதன் சாயல் தென்பட்டது. 1946, 1947-ம் வருஷங்களில் கெடாவில் ஏ. எம். சாமி என்பார் திரட்டிய தொண்டர் படையில் தோட்ட இளைஞர்கள் சீருடை அணிந்து கவாத்துப் பழகினார்கள். ராணுவத்திலிருந்து திரும்பியவர்களும் அதில் இருந்தனர். கவாத்து முடிந்தவுடன் அவர்கள் சென்ற இடம் கள்ளுக்கடை வாசல். குடிக்கச் சென்றவர்களல்லர், மறியல் செய்யச் சென்றவர்கள். வேலைக்கும் உறக்கத்துக்கும் இடையே தோட்டம் அளித்திருந்த ஆறுதல் கள் ஒன்றே. அதற்கு மாற்றாக அவர்கள் ஊர்ப் புத்திமதியைக் காட்டவில்லை, ஒரு மைதானத்தைக் காட்டினார்கள் என்பதே அவ்வியக்கத்தின் சிறப்பு. 1947-ல் போலீஸாருடன் மோதல் நேர்ந்து, உயிர்ச்சேதமும் உண்டாகி, படை ஒடுக்கப்பட்டது.

நம் முன்னோர் இவ்விதம் உடலால் உணர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்தில் எண்ணிக்கையால் அளந்தார்கள். அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மருந்து. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை நடையும் மெல்லோட்டமும். ஒரு பிரிவுக்கு இரண்டும். மருந்து தொடக்கத்தில் விரைந்து வேலை செய்தது. 16 வாரங்களின் முடிவிலோ மூன்று பிரிவினரும் ஏறக்குறையச் சமமாகவே தேறியிருந்தனர். அவர்கள் தனித்து நடக்கவில்லை, கூட்டமாகக் கூடி நடந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. (இதைப் படித்துவிட்டு எவரும் டாக்டர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். கடும் நோயில் எழுந்து நடக்கவே மருந்து தேவைப்படும்.)

மூதாட்டியின் கேள்விக்கு நேர் விடை 2017-ல் வந்தது. பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், உடலியக்கத்தை இடம் பிரித்து நோக்கினர். ஓய்வு நேரத்து ஆட்டமும் ஓட்டமும் நடையும் மனநலத்துடன் சேர்ந்து காணப்பட்டன. கூலிக்காகச் செய்யும் உடலுழைப்போ மனநலிவுடன் சேர்ந்து காணப்பட்டது! ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதிலிருந்து அடித்துக் கூற இயலாது. வறுமையும் நீண்ட வேலை நேரமும் இடையே நிற்கின்றன. அந்த வறுமையும் வேலை நேரமும் தாமே மூதாட்டி சொல்ல வந்ததும்? ஒரே தசைநார், ஒரே வியர்வை. விருப்பமும் ஓய்வும் துணையும் சேர்ந்தால் ஒரு பயன், அவை நீங்கினால் வேறொரு பயன்.

இன்று ஜொகூரில் ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. தோட்டத்தை விட்டவர்களின் மக்கள் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் பக்கத்து அடுக்குவீடுகளில் வாழ்கின்றனர். சிலர் தொழிற்சாலையில் இரவு வேலை. சிலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் செல்கின்றனர். பாட்டியின் கால் ஓயவில்லை. பேரனின் காலுக்கோ வேலையே இல்லை. மலேசியாவில் நடந்த ஆய்வுகள் பலவற்றில், தற்கொலையால் மாண்டவருள் இந்தியரின் விகிதமே மற்ற இனத்தவரினும் மிகுந்து காணப்பட்டது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய 309-வது பிரிவு 2023-ல்தான் நீக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட அறிவுரையின்படி, வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலியக்கம் வேண்டும். நிமிஷத்தைக் கணக்கிடுவது எளிது. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வருபவருக்கு அந்நிமிஷங்கள் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

கூட்டம் கலைந்த பின்பு நாம் அம்மூதாட்டியைத் தேடிச் சென்று பேசினோம். மண்டபத்துக்குப் பின்னே பழைய பந்து மைதானம் புல் மண்டிக் கிடந்தது. மாலையில் நான்கைந்து பெண்கள் அங்கே சேர்ந்து நடப்பதுண்டாம். "அது நல்லாத்தான் இருக்கு தம்பி. பேசிக்கிட்டே நடப்போம், சிரிப்போம். இருட்டினா பாம்பு. ஏழு மணிக்கு மேல போக முடியாது. இவளுங்க வேலை விட்டு வரதே ஏழு மணிக்குத்தான்" என்றார். டாக்டர் மறுபடி வந்தால் என்ன கேட்பீர்கள் என்றோம்.

"ரெண்டு விளக்குப் போடச் சொல்லிக் கேப்பேன்" என்றார்.