சேதுக் காசும் பழப்புளியும்

சித்திரை வருஷம் பிறக்க இரண்டு நாள் இருக்கேக்கை எங்கட வீடுகளில் நடக்கிற முதல் வேலை, குத்துவிளக்கையும் செம்பையும் எடுத்துப் பழப்புளி போட்டு மினுக்குவதுதான். ஊரில் சாம்பலும் தும்பும் சேரும். இஞ்ச கிரின்ஸ்டெட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கோப்பை கழுவுகிற பஞ்சோடு காரியம் முடிந்துவிடும். அந்த நேரம் சாமித்தட்டில் கிடக்கிற பழைய காசுகளும் சேர்ந்து கழுவுப்படும். கைவிசேஷக் காசு மினுங்கினால்தான் வருஷமும் மினுங்கும் என்று ஒரு எண்ணம். இருபத்தைந்து சதக் குத்திக்கு இது பரவாயில்லை. ஆனால் அதற்குள்ளே எங்கட அரசர் காலத்துச் செப்புக்காசு ஒன்று கிடந்தால் என்ன செய்வது? மினுக்குவதா, விடுவதா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் யாழ்ப்பாண அரசர்கள் காசு அடித்தார்களா இல்லையா என்ற கேள்வியே ஒரு காலத்தில் இரண்டு எழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு எழுத்து ‘சேது’. ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கிற நந்தி, நந்திக்குக் கீழே தமிழில் சேது என்ற சொல். அரசனின் பெயரோ ஆண்டோ பொதுவாக இராது. இதனால் முந்தின ஆராய்ச்சியாளர் சிலர் இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு என்று நினைத்தார்கள். 1920ஆம் ஆண்டு நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், இது யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயம் என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். 1926இல் முதலியார் இராசநாயகம் தன் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் அதை இன்னும் விளக்கினார். எங்கட அரசர் ‘சேதுகாவலர்’ என்று பட்டம் வைத்திருந்தவர்கள். கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டும் சேது என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. கல்லில் இருக்கிற சொல்லும் காசில் இருக்கிற சொல்லும் ஒன்று. அதுதான் சாட்சி.

இப்ப அந்தச் சாட்சியைப் புளியில் ஊறப்போட்டால் என்ன நடக்கும்? புளியிலும் தேசிக்காயிலும் இருப்பது அமிலம். செம்பில் பிடித்த களிம்பை அது கரைக்கும். விளக்குக்கு அது நல்லது. பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த காசின் கதை வேறு. அதில் மேற்பரப்புச் செம்பே மெல்ல மெல்லக் களிம்பாக மாறியிருக்கும். எழுத்தின் மேடு அந்தக் களிம்புக்குள்ளேதான் இருக்கும், அடியில் உள்ள செம்பில் இராது. களிம்பைக் கரைத்தால் எழுத்தும் தண்ணியோடு போய்விடும். மிஞ்சுவது பள்ளமும் மேடுமான ஒரு செப்புத் துண்டு. நிறையும் குறைந்துவிடும், நாணய ஆராய்ச்சியில் நிறை முக்கியமான அத்தாட்சி. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்லுவினம். உயிரில் களிம்பு நீங்கத்தான் வேணும். காசில் நீங்கக்கூடாது!

இதற்கு மறுப்பும் உண்டு. “சும்மா வைச்சிருந்தால் எழுத்து எப்பிடித் தெரியும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சங்ககால அரசர்கள் தங்கள் பெயரில் காசு அடித்தார்களோ என்று சந்தேகப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். 1984இல் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, சதுரமான ஒரு செப்புக்காசில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்று பாண்டியன் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்தார். சந்தேகம் தீர்ந்தது. அப்படியான காசில் மண்ணும் அழுக்கும் அப்பியிருந்தால் யாராவது எடுக்கத்தான் வேணும். ஆனால் மண்ணை எடுப்பது ஒன்று, களிம்பை எடுப்பது வேறொன்று. எங்கட ஆக்கள் இரண்டையும் ஒன்றாக்கித் ‘துப்புரவு’ என்று சொல்லுவதிலேதான் பிழை இருக்கிறது.

நாங்கள் வாழுகிற டென்மார்க் இந்த விஷயத்தில் நீண்ட காலம் மண்டையை உடைத்த நாடு. பவுல் பீரிஸ் கந்தரோடையில் தோண்டத் தொடங்கிய அதே 1917இல், கொப்பன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரோசன்பேர்க் என்பவர், மண்ணிலுள்ள உப்பு வெண்கலத்தையும் இரும்பையும் எப்படித் தின்கிறது என்று ஒரு நூல் வெளியிட்டார். செம்புக்கு ஒரு நோய் உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூள் கிளம்பி, காசை உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டு போகும். யாழ்ப்பாணக் காசுக்கு இந்தப் பயம் கூட, எங்கட மண்ணுக்குக் கடல் தூரமில்லைத்தானே. 1967இல் பிரிஞ்ச் மட்சன் என்ற டேனிஷ்காரர் பென்சோட்ரையசோல் என்ற இரசாயனத்தால் இந்த நோயை அடக்கலாம் என்று எழுதினார். அந்த முறை பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அது குசினியில் செய்கிற வேலை அல்ல, உடம்புக்குக் கூடாத சாமான்.

இந்த நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். வயலில் பழைய காசோ பொன்னோ கண்டெடுத்தால் அது ‘டானஃபே’, அரசுக்குரியது, அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க வேணும். 1241ஆம் ஆண்டின் யூலண்ட் சட்டத்திலேயே இதற்கு அடி இருக்கிறது. பரிசுத்தொகை தீர்மானிக்கும்போது, எடுத்தவர் எவ்வளவு கவனமாக எடுத்தார் என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். நாங்கள் பிள்ளைகளைக் கல் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற ஜெலிங்குக்குப் பக்கத்தில், விண்டலெவ் என்ற ஊரில், 2020இல் ஒரு பொற்புதையல் கிடைத்தது. அதிலுள்ள ஒரு பதக்கத்தில் ஓடின் என்ற தெய்வத்தின் பெயர் இருப்பதை 2023இல் அறிவித்தார்கள். முன்பு தெரிந்ததைவிட அது 150 வருஷம் பழையது. பொன்னில் களிம்பு பிடியாது என்பது உண்மை. எண்டாலும் தேய்ந்துபோன சில கீறல்களை வைத்துத்தான் அதைப் படித்தார்கள். யாரும் உரஞ்சியிருந்தால் ஓடினும் இல்லை, ஒன்றுமில்லை.

எங்களிடம் என்ன மிச்சம்? 1619இல் போர்த்துக்கேயரிடம் இராச்சியம் போனது. 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்து, சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஆயிரக்கணக்கில் எழுத்து வைத்திருக்கிற நாடு ஒரு பதக்கத்தை இப்படிப் பொத்திப் பார்க்கும்போது, நாங்கள் ஒரு சேதுக் காசைப் புளியில் போடலாமா?

ஆகவே என்ர அபிப்பிராயம், மினுக்க வேண்டாம். முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், கழுவாமலே பல எழுத்துத் தெரியும். ஒட்டின மண்ணை உப்பில்லாத வடித்த தண்ணியிலும் மெல்லிய தூரிகையாலும் மாத்திரம் எடுக்கலாம், பிறகு நன்றாகக் காயவிட வேணும். வெளிர்பச்சைத் தூள் கண்டால் அதைத் தனியாக, ஈரமில்லாமல் வைத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். காசு யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு துண்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். எழுதக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். வைக்கிறது கடதாசி உறையாக இருக்கட்டும். மெல்லிய பீ.வி.சீ. பிளாஸ்ரிக் உறையிலிருந்து வருகிற ஆவியும் செம்பைத் தின்னும்.